நாழித் தண்ணீரில் நான்கு மீன்

அட்டனை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் கற்பித்த காலத்தில், ஒரு திங்கட்கிழமை காலை மாணவன் ஒருவன் ஜாம் போத்தலொன்றை மார்போடு அணைத்தபடி வந்தான். கொழும்பிலிருந்து வந்த மாமன் கொடுத்த நான்கு கப்பி மீன்கள் அதனுள் இருந்தன. “இதிலேயே வளர்க்கலாமா, சேர்?” என்றான். “சின்ன மீன்தானே தம்பி, வளர்க்கலாம்” என்று சிந்தியாது விடை பகர்ந்தேன். வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்து நின்றான். அன்று எய்திய நாணமே மீன் தொட்டிகளைப் பற்றி என்னைப் படிக்கச் செய்தது.

1853 ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியற் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பெற்றது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் அவ்வார்வத்தை இல்லங்களுக்குள்ளும் பரப்பிற்று. இன்று மீன் வளர்ப்போர் தொட்டிகளை அவை கொள்ளும் நீரளவால் வகுப்பர். ஏறத்தாழ 10 லீற்றருக்கு உட்பட்டது ‘பைக்கோ’. 40 லீற்றர் வரை ‘நானோ’. அதற்கு மேல் 100 லீற்றர் வரை சிறு தொட்டி. இவ்வரம்புகள் ஆளுக்காள் சற்று வேறுபடும். கணக்கோ எளிது: நீள அகல உயரங்களைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 1,000 ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். 60 நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உடைய தொட்டி 54 லீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டால் நீர் அதனினும் குறையும்.

சிறியதே எளியது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு தோன்றுகின்றது. அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். பெருந்தொட்டியில் கலந்து மெலியும் நஞ்சு, போத்தலில் இரண்டொரு நாளில் செறிந்துவிடும். ஆதலாற்றான் அனுபவசாலிகள் பலர் பைக்கோவில் மீனே விடுவதில்லை. நீர்ச்செடிகளோடும் சிற்றிறால்களோடும் அமைவர்.

மலைநாட்டில் இன்னோர் இடரும் உண்டு. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினது. கப்பியோ 24 பாகை அளவில் செழிப்பது. நீர் குறையக் குறைய இரவுக் குளிர் அதனுள் விரைந்து இறங்கும். இலங்கைக்கே உரியதும், 1929 இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்ததுமான செரி பார்ப் என்னும் செம்மீன் 5 சென்ரிமீற்றர் அளவே வளரும். எனினும் கூட்டமாக வாழும் அதற்கு நானோவின் மேல் வரம்பாவது வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு நாள் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். நான் தவறாகச் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். அம்மாணவன் எழுந்தான்.

“எங்கள் லயக் காம்பரா 12 அடி நீளம், 10 அடி அகலம். நாங்கள் ஏழு பேர். அது எந்த வகை, சேர்?”

கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தேன். இம்முறை சிந்தியாது விடை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.