ஒருவர் வாங்கும் பட்டம், எத்தனை பேருக்குப் பலன்! தெரியுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் "அடுத்து என்ன?" என்று பேச்சு ஓடும். சில வீடுகளில் மட்டும் "காலேஜ் போய் என்ன ஆகப் போகுது?" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தகவல்கள். படித்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

முதல் பட்டதாரிகள் எந்த ஊர் தெரியுமா?

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-இல். அதில் முதன்முதலாக பி.ஏ. தேறியவர்கள் இரண்டே பேர். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்! ஒருவர் விசுவநாதபிள்ளை. இன்னொருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பிறகு சட்டமும் படித்து, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். பதவி கிடைத்தாயிற்று என்று ஓய்ந்துவிட்டாரா? செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார், அச்சில் ஏற்றினார். 1887-இல் கலித்தொகை நூலாக வெளிவந்தது அவர் கையால்தான். அன்று இவர் வாங்கிய பட்டத்தின் பலனை இன்று தமிழ் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அனுபவிக்கிறது!

ஒரு பெண்ணின் அட்மிஷனுக்கு மன்னரே தலையிட்டார், தெரியுமா?

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்துவந்த காலம். ஒரு பெண் சேர விரும்பியதும் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று முடிவெடுத்தார். அந்த மாணவி முத்துலட்சுமி! 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று டாக்டர் ஆனார். 1927-இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947-இல் சட்டமே வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் அவர் எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இன்றுவரை உயிர்களைக் காத்துவருகிறது. ஒரே ஒரு அட்மிஷன்… எத்தனை குடும்பங்களுக்கு வாழ்வு!

மேதைக்கும் பல்கலைக்கழகம் தேவைப்பட்டது, தெரியுமா?

"ராமானுஜன் டிகிரி படித்தாரா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், மற்ற பாடங்களில் தவறி எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர்தான் அவர். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதன் பிறகுதான் முழுநேரமும் கணிதத்தில் மூழ்க முடிந்தது. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜ் பயணம். பிறவி அறிவுக்கும் நேரமும் நூலகமும் வழிகாட்டிகளும் வேண்டும் ஐயா!

மாணவராக இருக்கும்போதே உலக ஆய்விதழில் கட்டுரை, தெரியுமா?

சர் சி.வி. ராமன் தன் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது 1906-இல். அப்போது அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், வயது 18! அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் அதே கல்லூரியில் படிக்கும்போதே ஆய்வுக் கட்டுரை எழுதினார். ராமனுக்கு 1930-இல் நோபல், சந்திரசேகருக்கு 1983-இல் நோபல். ஒரே கல்லூரி, ஒரே குடும்பம், இரண்டு நோபல்!

படித்த ஒவ்வொரு வருஷமும் சம்பளத்தில் பேசும், தெரியுமா?

உலக வங்கிக்காக 139 நாடுகளின் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை இது: கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் சராசரியாக 9 சதவீதம் உயர்கிறது. அதிலும் பெண்களுக்குக் கிடைக்கும் பலன் ஆண்களைவிடச் சுமார் 2 சதவீதப் புள்ளிகள் அதிகம். "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்று இனி யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்!

தமிழ்நாடு எங்கே நிற்கிறது தெரியுமா?

18 முதல் 23 வயதுக்காரர்களின் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் 2021-22 நிலவரப்படி இந்தியாவின் சராசரி 28.4 சதவீதம். தமிழ்நாடு? 47!

ஒரு சான்றிதழ் கட்டணத்தையே குறைக்கும், தெரியுமா?

இது மிக மிக முக்கியம். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லையா? கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிக்கு அரசே கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. 2010-11 முதல் நடப்பில் உள்ள திட்டம் இது. வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான் சலுகை. 'முதல் பட்டதாரி சான்றிதழ்' வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

அந்த விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அப்பா என்ன படித்தார், அம்மா என்ன படித்தார், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி என்ன படித்தார்கள், அண்ணன் தங்கை என்ன படிக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்கும். 'படிக்கவில்லை', 'ஐந்தாம் வகுப்பு', 'எட்டாம் வகுப்பு' என்று நிரப்பிக்கொண்டே வந்தால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை ஒரே தாளில் வந்துவிடும். அந்த வரிசையை மாற்றப்போகும் பிள்ளையின் பெயரில்தான் சான்றிதழ் வருகிறது. உள்ளம் பூரிக்கிறதல்லவா!

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது.

தாயின் படிப்பு குழந்தையைக் காக்கும், தெரியுமா?

தேசியக் குடும்ப நல ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: தாயின் படிப்பு ஏற ஏற, சிசு மரணம் இறங்குகிறது. இன்று ஒரு மாணவி படிக்கும் படிப்பு, இன்னும் பிறக்காத குழந்தைக்கும் காவல்!

வயசு போய்விட்டதா? கவலையே வேண்டாம்!

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் குடும்பத் தலைவிகளுக்கும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டோடு இருக்கும் பிள்ளை யாராவது உண்டா? இன்றே போய்ப் பேசுங்கள். இ-சேவை மையத்துக்குக் கூடவே போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை வாங்கும் பட்டத்தில் உங்களுக்கும் பங்குண்டு!