படிக்க வந்தவர்களின் வன்னி

வெள்ளிக்கிழமை பின்னேரம் அறிவியல் நகர்ப் பக்கம் ஏ-9 வீதியோரம் நின்று பார்த்தால் மூன்று நான்கு வகைப் பேச்சு காதில் விழும். மட்டக்களப்புத் தமிழ் ஒரு பக்கம், மலையகத் தமிழ் இன்னொரு பக்கம், நடுவில் சிங்களம், எல்லாவற்றுக்கும் இடையில் பாடத்தைப் பற்றிய ஆங்கிலம். தோளில் பையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்து நிற்பார்கள். தூரத்து ஊர்க்காரர் அந்தக் கிழமை போவதில்லை. இரணைமடு அணைக்கட்டுக்குச் சைக்கிளில் போவதா, ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய்க் கொத்து ரொட்டி சாப்பிடுவதா என்பதுதான் அவர்களுக்குள் வாதம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் இங்கே வகுப்புகளைத் தொடங்கியது. விவசாய பீடம் அதற்கு முந்தியது. 1990இல் கிளிநொச்சிக்கென்றே தொடங்கிய அந்தப் பீடம், போரால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, போர் முடிந்தபின் தன் இடத்துக்கு மீண்டது. இந்திய அரசின் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. தொழில்நுட்ப பீடமும், ஜெர்மன் உதவியில் கட்டிய தொழிற்பயிற்சி நிறுவனமும் பக்கத்திலேயே வந்தன. தெற்கே வவுனியாவில், 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமான நிறுவனம், 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகம் என்று தன் சொந்தப் பெயரோடு தனியாக நின்றது. அதன் பம்பைமடு வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் குருமன்காட்டிலும் நெளுக்குளத்திலும் அறை எடுத்துத் தங்குகிறார்கள்.

படிப்பதற்காக ஒருவர் வன்னிக்கு வருவார் என்று முப்பது வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். அன்று வன்னி, படிக்கப் போகிறவர்கள் கடந்துபோகும் காடு.

1990 ஜூனில் போரால் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. ஆனையிறவால் போக முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் கொழும்புக்கும் தெரிவான பிள்ளைகள் கிளாலிக் கடலால்தான் வந்தார்கள். இரவில் வெளிச்சமில்லாமல் வள்ளம். கடற்படை எந்த நேரமும் வரலாம். 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அந்தக் கடலில் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் சனம் அதே கடலைத்தான் கடந்தது, வேறு வழி இருக்கவில்லை. உயர்தரச் சான்றிதழையும் அனுமதிக் கடிதத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் வைத்து, வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். உடுப்பு நனைந்தால் காயவைக்கலாம், கடதாசி நனைந்தால் கதை முடிந்தது.

வன்னிக் கரையில் இறங்கினால் ட்ரக்டர். பிறகு பரந்தன், கிளிநொச்சி. அங்கிருந்து சைக்கிளிலோ மண்ணெண்ணெய்ப் புகை கக்கும் வாகனத்திலோ வவுனியா எல்லைவரை. வழியில் எந்த வீட்டுப் படலையைத் தட்டினாலும் திண்ணையில் சாக்கு விரித்துக் கொடுப்பார்கள். சீனி இல்லாத காலம். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்து, அதைக் கடித்துக் கடித்துக் குடிக்கப் பிளேன்ரீ தருவார்கள். “எந்தக் கம்பஸ் தம்பி?” என்று கேட்பார்கள். பெயர் கேட்க மாட்டார்கள். விடிந்ததும் அந்தப் பிள்ளை போய்விடும். மருத்துவராகவோ பொறியியலாளராகவோ ஆனபின், அந்தத் திண்ணை எந்த ஊரில் இருந்தது என்றுகூடப் பலருக்குத் தெரியாது. இரவில் வந்து விடிந்ததும் போனவர்கள் அவர்கள், வன்னியை நின்று பார்த்ததில்லை.

வன்னிப் பிள்ளைகளின் நிலை வேறு. 1996க்குப் பிறகு கிளிநொச்சிப் பாடசாலைகள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இடம்பெயர்ந்து மரங்களின் கீழும் கிடுகுக் கொட்டில்களிலும் நடந்தன. மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும்கூடத் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சைப் பரப்பி, அது நனையுமளவு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயில் திரியைச் செருகி எரியவிட்ட விளக்குகள்தாம். ஒரு விளக்கைச் சுற்றி மூன்று பேர் படிப்பார்கள். இரசாயனம் படிக்கிறவருக்கு வெளிச்சப் பக்கம், பாடமாக்கிறவருக்கு இருட்டுப் பக்கம் என்று தமக்குள் முறை வைத்திருந்தார்கள். விடியும்போது மூக்கைச் சிந்தினால் கறுப்பாகத்தான் வரும்.

அப்படிப் படித்துப் பல்கலைக்கழகம் கிடைத்தாலும் வெளியே போக இந்தப் பக்கமும் பாஸ், அந்தப் பக்கமும் பாஸ். இங்கே புறப்பட ஒருவர் பிணை நிற்கவேண்டும். வவுனியாவில் தங்கப் பொலிஸ் பதிவு வேண்டும், அதிலும் நாள் பாஸ், கிழமை பாஸ், மாதப் பாஸ் என்று பல வகை. ஊர் பார்ப்பது, நண்பர்களோடு சுற்றுவது என்ற எண்ணமே வராது. கொழும்பில் போர்டிங்கில் இருந்த பிள்ளைகள் மாலை ஆறு மணிக்கு முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பேராதனையின் மலைகளையும் காலி முகத்திடலையும் நான்கு வருடம் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரியாகப் பார்க்காமலே பட்டத்தோடு திரும்பியவர்கள் எங்கள் ஊரில் இப்போதும் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்கள் இழந்தது இளமையின் நல்ல பாதி. அதை நட்டமென்று யாரும் எழுதி வைக்கவில்லை.

2002இல் ஏ-9 பாதை திறந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் வரிசையில் நின்றாலும் பகலில் போகலாம் என்பதே கொண்டாட்டமாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த இளசுகள் கமராவோடு திரிந்தார்கள். 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடியது. பிறகு வந்த இரண்டு வருடங்களில், கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, பதினெட்டு வயதுப் பிள்ளையைப் படலைக்கு வெளியே விட எந்தத் தாயும் துணியவில்லை. 2009இல் போர் முடிந்தபோது, எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையை மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்து எழுதினார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள். 2010, 2011 ஆண்டுகளில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, ஆனையிறவு நினைவுச் சின்னம், புதுக்குடியிருப்புப் பக்கம் புலிகளின் நிலக்கீழ் வீடு, முல்லைத்தீவுக் கரையில் துருப்பிடித்துக் கிடந்த பாரா-3 கப்பல். நிலக்கீழ் வீட்டை 2013இல் இராணுவம் தகர்க்கும்வரை அங்கே கூட்டம் குறையவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் ஒரு போரின் மிச்சங்களை. அந்தத் தாங்கியிலிருந்து கூப்பிடு தூரத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்த மனிதர்களோடு பேச அந்தப் பயணத்தில் நேரம் ஒதுக்கப்படவில்லை. எனக்கு அந்த நாட்களில் இருந்த மனக்கசப்பு இன்னமும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் 2014க்குப் பிறகு தெற்கிலிருந்து வந்த மாணவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. நான்கு வருடம் இருக்க வந்தவர்கள். கம்பஸ் கிடைத்த செய்தியில் ‘கிளிநொச்சி’ என்ற பெயரைப் பார்த்து வீட்டில் அழுதவர்களும் இருப்பார்கள், அந்தப் பெயரை அவர்கள் கேட்டதெல்லாம் போர்ச் செய்தியில். வந்த முதல் மாதம் கடையில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவார்கள். ஆறு மாதத்தில் நிலைமை மாறிவிடும். வீதியோரச் சாப்பாட்டுக் கடையொன்றில் ஒருநாள் பக்கத்து மேசையில் கேட்டேன்.

“தம்பி, பருப்பு இன்னும் கொஞ்சம் போடட்டே?”

“போதும் அம்மா, சொதி தாங்கோ.”

உச்சரிப்பில் குருநாகல் இருந்தது, ‘தாங்கோ’வில் கிளிநொச்சி இருந்தது. அந்த அம்மாவின் மகன் போரில் இல்லாமற்போனவன் என்பதை அந்தக் கடைக்கு வழமையாகப் போகிற எல்லோரும் அறிவோம். அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ தெரியாது. அவர் சொதியை இரண்டு அகப்பை விட்டார்.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல வரவில்லை. 2016 ஜூலை 16இல் யாழ்ப்பாணத்து விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் சேர்ப்பது பற்றிய பிணக்கு அடிதடியாகி, பல்கலைக்கழகமே மூடப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது இங்கேயும் போர்டிங் வீட்டுக்காரர்கள் கவலைப்பட்டார்கள், பிள்ளைகளின் பெற்றோர் கவலைப்பட்டார்கள். பல விடுதி அறைகளில் இன்றும் தமிழர் ஒரு பக்கம், சிங்களவர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம் என்று இருக்கத்தான் செய்கிறார்கள். ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் நின்றவர்கள் பின்னேரம் தனித்தனிக் கூட்டமாக வெளிக்கிடுவார்கள். மே 18இல், போரில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும்போது சிலர் வாங்குவார்கள், சிலர் வேறு பாதையால் போவார்கள். அந்தக் கஞ்சி என்ன என்று நின்று கேட்கிறவர் ஒருவர் இருந்தால், அவரோடு பேசக் கூடிய ஒருவரும் நம் பக்கம் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஊர் சுற்றுவது இந்த இடைவெளியைக் குறைக்கும் என்று நம்புகிறேன். உதாரணத்துக்கு, ஸ்பெயினில் சலமன்கா என்றொரு நகரம். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இன்றும் நடக்கிறது. எட்டு நூற்றாண்டாக வெளியூர்ப் பிள்ளைகளோடு வாழ்ந்து பழகிய ஊர். பல்கலைக்கழக முகப்பில் செதுக்கிய நூற்றுக்கணக்கான சிற்பங்களுக்குள் ஒரு மண்டையோட்டின் மேல் சின்னத் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும். உதவியில்லாமல் அதைக் கண்டுபிடிக்கிற மாணவர் பரீட்சையில் சித்தியடைவார் என்று நம்பிக்கை. புதிதாக வருகிற பிள்ளை முதல் வாரத்திலேயே கழுத்து நோக அண்ணாந்து நிற்கும், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரோடு பேச்சு தொடங்கும். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே மாணவர்களை மாற்றி அனுப்பும் எரஸ்மஸ் திட்டம் தொடங்கியது 1987இல். அதே வருடம்தான் இந்திய அமைதிப்படை இங்கே வந்திறங்கியது. அங்கே பிள்ளைகள் எல்லை தாண்டிப் படிக்கத் தொடங்கிய வருடத்தில் எங்கள் பிள்ளைகளின் பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டிருந்தன.

எங்களிடம் தவளைக்குப் பதில் முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார். ஏ-9இல் போகும் எந்த வாகனமும் அங்கே நின்று, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துத்தான் போகும். பரீட்சைக் காலத்தில் அறிவியல் நகர்ப் பிள்ளைகளும் போகிறார்கள், அதில் சிங்களப் பிள்ளைகளும் உண்டு. கோயிலைச் சுற்றி மணலில் வறுத்த சூடான கச்சான், சரை கட்டி விற்பார்கள். விற்கிற பெண் “கச்சான் வாங்குங்கோ” என்று நீட்டும்போதே இரண்டு கொட்டையை இலவசமாகக் கையில் வைத்துவிடுவார், வாங்காமல் நகர முடியாது. தோலை உடைத்தபடி ஆட்கள் பேசிக்கொண்டு நிற்கிற அந்த முற்றம்தான் இந்தப் பிள்ளைகளின் முதல் சந்திப்பு இடம்.

அதைத் தாண்டி அவர்கள் போகும் இடங்கள் குறைவு. கிளிநொச்சி நகர நடுவில் நிற்கும் வெற்றிச் சின்னமும், ஆனையிறவும், புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே நிற்கும் படைவீரர் சிலையும் பாதையோரத்தில் பெரிதாகவே தெரிகின்றன. தேடிப் போகவேண்டிய இடங்களை யார் காட்டுவது? ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை வெள்ளைக்காரத் தளபதி தோற்கடித்ததாகச் சொல்லும் கல்லின் இடம் இருக்கிறது. வென்ற பக்கத்தார் நட்ட கல், தோற்றவரின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து நின்று பார்க்கவேண்டிய இடம் அது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவின் அணையில் மாரியில் ஏறி நின்றால் மறுகரை தெரியாது, பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோயில் மணி கேட்கும். 2018 டிசம்பரில் அந்த அணையின் வான்கதவுகள் திறந்தபோது நீரில் மூழ்கிய வயல்களின் கதையைப் பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு அந்த வயற்காரனே சொல்லலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் திங்கள் காலையில்தான் திரும்புவார்கள். நான்கு வருடம் கழித்து அவர்களிடம் முத்தையன்கட்டு எங்கே என்று கேட்டால் தெரியாது.

கிளிநொச்சி மாவட்டமே 1984இல்தான் தனியானது. குடியேற்றத் திட்டங்களுக்குத் தீவுப் பகுதியிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் வந்தவர்கள், கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் வந்து சேர்ந்த ஊர். வட்டக்கச்சியிலோ தர்மபுரத்திலோ கேட்டுப் பாருங்கள், மூன்று தலைமுறைக்கு முன் எங்கிருந்து வந்தோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். வந்தவர்களை ஏற்றுக்கொள்வது இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமில்லை.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். அதற்கு முந்திய வாரம் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரிலேயே விளக்கேற்றுவார்கள். பொங்கலன்று நந்திக்கடல் ஓரம் முழுக்கச் சனம். வருகிற வைகாசிக்கு அறிவியல் நகரிலிருந்து ஒரு பஸ் பிடித்து, ஊருக்குப் போகாமல் நிற்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நாங்கள் சிலர் பேசியிருக்கிறோம். வழியில் கற்சிலைமடுவில் இறங்குவதா, திரும்பும்போது இறங்குவதா என்பதில் இன்னும் முடிவில்லை. சாப்பாட்டை, அன்று சொதி விட்ட அந்த அம்மாவே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.