மெய்நிகர் குழுவும் மும்பை வீடும்

மும்பைத் தமிழரின் வாழ்வில் அலுவலகத்திற்குத் தனி இடம் உண்டு. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறி வந்த முந்தைய தலைமுறையினர் மாதுங்காவில் குடியேறினர். பிறகு செம்பூருக்கும் பரவினர். மேலதிகாரியின் மேசைக்கு அருகே அமர்ந்து, அவர் கடிதம் சொல்லும் முறையைக் கேட்டுக் கேட்டே தொழில் பழகியவர்கள் அவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோரில் பலருக்கோ வீடும் தொழிற்கூடமும் அடுத்தடுத்தே அமைந்தன. இன்று இம்மூன்று பகுதிகளின் பேரப்பிள்ளைகளிலும் பலர், நேரில் கண்டிராத சக ஊழியர்களோடு கணினித் திரை வழியே பணிபுரிகின்றனர். இவ்வாறு வெவ்வேறு இடங்களில் இருந்தவாறே இணையத்தால் இணைந்து ஒரே பணியைச் செய்வோரை ‘மெய்நிகர் குழு’ என்கிறோம்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 லட்சம் பேரைச் சுமந்த மும்பைப் புறநகர் ரயில்கள் 2020 மார்ச்சில் பொதுமக்களுக்கு நின்றபோது இம்முறை பெருவழக்காயிற்று. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தன் ஊழியர்களுள் மிகப் பெரும்பாலோரை வீட்டிலிருந்தே பணியாற்றச் செய்தது. 2025ஆம் ஆண்டுக்குள், ஊழியர்களில் 25 சதவீதத்தினருக்கு மேல் அலுவலகத்தில் இருக்க வேண்டிய தேவையே இராது என்றும் அறிவித்தது. ஆயினும் 2023 அக்டோபரில் வாரத்தின் ஐந்து வேலைநாட்களும் அலுவலகம் வருமாறு அனைவரையும் அழைத்தது. தொற்றுக் காலத்தில் புதிதாகச் சேர்ந்தோர் மூத்தவர்களுடன் பழகித் தொழில் கற்க வேண்டும் என்பது அப்போது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மாதுங்காவின் பழைய தட்டச்சர்கள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள்.

இம்முறையின் நன்மைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நெரிசலில் கழியும் இரண்டு மூன்று மணி நேரம் மிச்சமாவது மும்பைவாசிக்குச் சிறிய லாபமன்று. வயது முதிர்ந்த பெற்றோரை மாதுங்காவின் மின்தூக்கியற்ற பழைய கட்டடத்தில் தனியே விட்டுச் செல்லாமல், பெங்களூரு நிறுவனத்தின் பணியைச் செய்ய முடிகிறது. குழந்தைப் பேற்றுக்குப் பின் வேலையைத் துறக்க நேர்ந்திருக்கக்கூடிய பெண்களுக்கு இது ஒரு பாலம். தாராவி முகவரியைக் கண்டதுமே முகம் சுளிப்போர் இன்னும் உள்ள நகரில், ஊழியரின் இருப்பிடம் பொருட்டாகாத பணிமுறை வரவேற்கத்தக்கதே.

ஆனால், இருப்பிடம் உண்மையிலேயே பொருட்டாகாமல் போயிற்றா?

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. ஷாங்காயிலுள்ள சிட்ரிப் என்னும் பயணச் சேவை நிறுவனத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் 2010ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஒன்பது மாதங்கள் நடத்தியது அது. வாரம் நான்கு நாட்கள் வீட்டிலிருந்து பணியாற்றிய தொலைபேசிச் சேவை ஊழியர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டு விலகுவோர் பாதியாகக் குறைந்தனர். இவ்வளவும் பலரும் அறிந்தது. பலரும் கூறாமல் விடுவது, அதில் பங்கேற்க விதிக்கப்பட்ட நிபந்தனை: பணி நேரத்தில் தனியே பயன்படுத்த வீட்டில் ஓர் அறை இருக்க வேண்டும். தாராவியில் ஒரு குடும்பத்தின் மொத்த வீடே பல வேளைகளில் ஓர் அறைதான்! அதே வேலையை அதே திறமையுடன் செய்தும், கண்ணில் படாத காரணத்தால் வீட்டிலிருந்தோர்க்குப் பதவி உயர்வு குறைவாகவே கிட்டியது என்பதும் அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று.

குக்கர் கூவ, தம்பி பாடம் படிக்க, பாட்டி உறங்க, மேல்பரணில் குனிந்து அமர்ந்து வேலை பார்க்கும் இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். கூட்டம் தொடங்கியதும் அவள் கேமராவை அணைத்துவிடுகிறாள். புனேயில் இருக்கும் மேலாளர் அதை ஆர்வமின்மை எனக் கொள்கிறார். அவளோ பின்னால் தொங்கும் துணிக்கொடியை மறைக்கிறாள். ஆண்டு மதிப்பீட்டில் இந்தத் தவறான புரிதலின் விலை அவள் தலையில் விழுகிறது. செம்பூரில் இரண்டு அறை வீடு உடையவர்க்கும் நிம்மதி இல்லை. மறுசீரமைப்புக்காக இடிக்கப்படும் பக்கத்துக் கட்டடத்தின் ஓசை அவர் ஒலிவாங்கியில் முதலில் நுழைகிறது.

அதே நிறுவனத்தில் பின்னர் நடந்து 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. 1,612 ஊழியர்களில் ஒரு பகுதியினர் வாரம் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரிந்தனர். விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செயல்திறனோ பதவி உயர்வோ பாதிக்கப்படவில்லை. மும்பைக்கு இதுவே பொருத்தம் என்பது எமது கருத்து. அந்த இரண்டு நாட்களிலும் கேமராவை ஊழியரின் விருப்பத்திற்கு விடலாம்; கூட்டத்தின் முடிவுகளை எழுத்தில் அனுப்பலாம்; புதியவருடன் மூத்தவர் ஒருவர் நாள்தோறும் பத்து நிமிடம் பேசலாம். இணையக் கட்டணம், மின்கட்டணம், நாற்காலி ஆகியவற்றின் செலவை யார் ஏற்பது என்பதை வேலையில் சேரும்போதே கேட்டுத் தெளிவது நன்று. நிறுவனம் மிச்சப்படுத்தும் வாடகை, சத்தமின்றி ஊழியரின் குடும்பக் கணக்கில் பற்று வைக்கப்படக் கூடாது.

வங்கிப் பணி போன்றவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை உரக்கப் படிக்க நேர்ந்தால், ஒற்றைச் சுவருக்கு அப்பால் அண்டை வீடு இருக்கிறது. இதற்கு ஊழியரின் நாணயம் மட்டும் போதாது; கதவுள்ள அறை வேண்டும். போட்டித் தேர்வு எழுதும் மாணவர்க்காக மும்பையில் ‘அப்யாசிகா’ என்னும் படிப்பறைகள் உள்ளன. அவற்றைப் போலப் பணியறைகளையும் குடியிருப்புகளுக்கு அருகில் நிறுவனங்கள் ஏற்படுத்தித் தரலாம். படிப்பறைகளையே பயன்படுத்தலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் அங்கே அமைதி காப்பதே விதி. கூட்டத்திற்கு அழைப்பு வந்தால் மாடிப்படிக்குத்தான் ஓட வேண்டும்.