பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் வைரஸ்

மாரண்டஹள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வினாத்தாளைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகிக் கிடக்கிறதாம். ‘ஃபைல்கள் போயே போய்விட்டனவா?’ என்று கேட்கிறார்.

பெரும்பாலும் போயிருக்காது. இந்த வைரஸ் நம் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதைத் திறந்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். வேலை தடையின்றி நடப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

திறக்காமல் இருந்துவிட்டால் போதுமா? 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டு நிறுவனம் ஒன்று கண்டறிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஷார்ட்கட்டுக்கு உரிய சின்னப் படத்தைத் திரையில் காட்ட, விண்டோஸ் சில சமயம் அது சுட்டும் ஃபைலுக்குள் போய்ப் படத்தை எடுத்துவர வேண்டும். ஸ்டக்ஸ்நெட் அந்த ஃபைலுக்குள்தான் பதுங்கியிருந்தது. படத்தை எடுக்கப் போன விண்டோஸே வைரஸை எழுப்பிவிட்டது. பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். இதை எப்போது நினைத்தாலும் எனக்குப் பிரமிப்புத்தான். ஒரு பென் டிரைவிலிருந்து மூன்று கம்ப்யூட்டர்களுக்குப் பரவியதும் தன்னையே அழித்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது.

அதன் குறி ஈரானின் நதான்ஸ் அணு நிலையம். யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழலிகளைத் தாறுமாறான வேகத்தில் ஓடவிட்டுக் கெடுத்தது. அங்கே எந்திரங்களுக்கு இணையத் தொடர்பே கிடையாது, அதனால்தான் பென் டிரைவ் வழி. ஆனாலும் அது நதான்ஸோடு நிற்கவில்லை. அதிகம் தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியாதான். யாருக்கோ வைத்த குறி, நம் மேசைகளுக்கும் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2010 ஆகஸ்டிலேயே அந்த ஓட்டையை அடைக்க அப்டேட் வெளியிட்டது. ஆனால் அப்டேட் போடாத கம்ப்யூட்டருக்கு அதனால் என்ன பயன்?

தர்மபுரிப் பக்கம் என் உறவினர் ஒருவர் பட்டுப்புழு வளர்க்கிறார். காலைக் கிருமிநாசினியில் நனைக்காமல் புழு மனைக்குள் யாரையும் விடமாட்டார். ஊரார் பென் டிரைவெல்லாம் ஏறி இறங்கும் கடைக் கம்ப்யூட்டருக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். காசு கொடுத்துப் பிரிண்ட் எடுப்பவர், ‘ஆன்டிவைரஸ் இருக்கிறதா, அப்டேட் போட்டீர்களா?’ என்று கேட்கத் தயங்கவே கூடாது.

ஆசிரியை முதலில் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன்டிவைரஸால் சோதிக்கட்டும், பிறகு பென் டிரைவை. அதன்பின் மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படியும், சிஸ்டம் ஃபைல்களை மறைக்காதபடியும் விண்டோஸில் மாற்றினால் வினாத்தாள் கண்ணில் படும். பென் டிரைவை மட்டும் சுத்தம் செய்தால், அடுத்த முறை செருகியதும் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே வைரஸ் திரும்ப ஏறிவிடும்.