உடைந்தது ஒரு பல், மூடியது ஆறு பல்

'ஆறு பல்லுக்கு வெனீர், ஒரே மணி நேரம், வலி இல்லை, மாணவர்களுக்குச் சலுகை.' டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்படிப்பட்ட விளம்பரங்கள் கண்ணில் படாத நாளில்லை. முகவரி கேட்டால் கிளினிக் பெயர் வராது. ஏதாவது ஒரு ஹோம்ஸ்டே, ஹோட்டல் அறை, அழகு நிலையத்தின் பின்னறை என்று வாட்ஸ்அப்பில் பதில் வரும். முன்பணம் கட்டிய பிறகுதான் அறை எண்ணையே சொல்வார்கள்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி ஈப்போவில் அப்படி ஓர் அறைக்குப் போனவள். சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று செம்பனையும் தாமானுமாக மாறிவிட்ட இடத்தில் வளர்ந்தவள். இரண்டாம் படிவத்தில் வலைப்பந்து விளையாடும்போது விழுந்து, முன்பல் ஒன்றின் முனை உடைந்தது. அதற்குப் பிறகு எஸ்பிஎம் முடியும்வரை அவள் வாய் திறந்து சிரித்த படம் ஒன்றுகூடக் கிடையாது. "நேர்முகத் தேர்வில் வாயைப் பொத்திக்கொண்டா பேச முடியும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பல்லுக்கு இவ்வளவு அலட்டலா என்று கிண்டல் செய்பவர்கள் பெரும்பாலும் முன்பல் உடையாதவர்கள்.

அந்த அறையில் யாரும் அவள் பல்லைச் சோதிக்கவில்லை. எக்ஸ்ரே இல்லை. பிசின் மாதிரி ஒன்றை ஆறு பல்லின் மீதும் ஒரே பட்டையாக அப்பி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து அனுப்பிவிட்டார்கள். முதல் வாரம் வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே நூல் நுழைய வழியில்லை. உணவுத் துணுக்கு தங்கி, ஈறு வீங்கி, துலக்கினால் ரத்தம், பேசினால் வாடை. மூன்று மாதம் கழித்து அரசாங்கப் பல் கிளினிக்கில் அந்தப் பட்டையைப் பெயர்த்து எடுத்தபோது, நன்றாக இருந்த இரண்டு பற்களில் சொத்தை விழுந்திருந்தது. உடைந்த ஒரு பல்லுக்காக ஆறு பல்லையும் மூடியதன் பலன் இது.

உண்மையான வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய உறை. பீங்கானில் செய்வது ஒரு வகை. கம்போசிட் எனப்படும் பிசினில் செய்வது இன்னொரு வகை. இதன் தொடக்கம் ஹாலிவுட்டில். 1920களின் கடைசியில் சார்லஸ் பின்கஸ் என்ற கலிபோர்னியப் பல் மருத்துவர், நடிகர்கள் கேமராவுக்கு முன் நிற்கும் நேரத்துக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும் உறைகளைச் செய்து கொடுத்தார். பால்பல் விழுந்துகொண்டிருந்த குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்கும் அவர்தான் செய்தார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். அவற்றோடு சாப்பிட முடியாது. 1955இல் மைக்கேல் பியூனோகோர், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று கண்டறிந்தார். 1980களில் பீங்கானையும் அதேபோல் அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் முறை வந்த பிறகே வெனீர் நிலைத்து நின்றது.

விளம்பரங்கள் சொல்லாத விஷயம் இதற்குள் இருக்கிறது. பீங்கான் உறை பல்லோடு பொருந்த வேண்டுமானால், பெரும்பாலும் பல்லின் எனாமலை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுக்கு அரைத்து எடுக்க வேண்டும். எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதை உருவாக்கும் செல்கள், பல் ஈறைப் பிளந்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. நகம் வெட்டினால் வளரும், எனாமல் வளராது. அரைத்த பல்லுக்குக் காலம் முழுவதும் உறை வேண்டும். நன்றாகச் செய்த பீங்கான் வெனீர் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டு நிற்கும். இருபது வயதில் போட்டுக்கொள்பவர் அறுபது வயதுக்குள் இரண்டு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். ஒரு பல்லுக்கே ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கேட்பது சாதாரணம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உடைந்த முனை, வெளுப்பாக்கும் சிகிச்சைக்குப் போகாத கறை, பற்களுக்கிடையே இடைவெளி ஆகியவற்றுக்கு வெனீர் நல்ல சிகிச்சைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சொத்தையும் ஈறு நோயும் இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்த வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு உறை சீக்கிரம் உடையும். இதையெல்லாம் பார்த்துச் சொல்லத்தான் ஒருவர் ஐந்து ஆண்டு படித்துவிட்டு வருகிறார்.

படிக்காமல் செய்தவர்களின் கதையும் நம் நாட்டிலேயே உண்டு. 2017இல் மலாக்காவில் உரிமமின்றிப் பல் கம்பி பொருத்திய 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். கட்டப் பணமில்லாமல் சிறைக்குப் போனவர், பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த நன்கொடையால் சில நாளில் வெளியே வந்தார். அவரிடம் கம்பி போட்டுக்கொண்டவர்களின் பல்லுக்கு யாரும் நன்கொடை திரட்டியதாக நான் கேள்விப்படவில்லை. 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டப்படி, பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இருந்தும் ஹோம்ஸ்டே அறைகள் நிரம்புகின்றன.

ஏன் நிரம்புகின்றன? விலை ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் வீட்டுப் பழக்கம் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டிக்குப் பல் மருத்துவம் என்றால் பிடுங்குவது மட்டும்தான். வலி தாங்க முடியாமல் போனால் தோட்ட ஆஸ்பத்திரி டிரசரிடம் போவார்கள். அவர் பிடுங்கி அனுப்புவார். கடைசியில் பல் செட். வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு பாட்டி வாய்விட்டுச் சிரித்தார் என்பது வேறு கதை. ஆனால் வலிக்காத பல்லுக்கு டாக்டர் எதற்கு என்ற எண்ணம் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகும் எங்கள் வீட்டில் இருந்தது. தோழியின் வீட்டிலும் அதே பதில்தான்: "வலிக்கவில்லையே, விடு."

இத்தனைக்கும் பள்ளிப் பல் மருத்துவச் சேவையில் மலேசியா பின்தங்கிய நாடல்ல. மாணவர்களின் பல்லைக் கவனிப்பதற்கென்றே தாதியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1949இல் பினாங்கில் தொடங்கியது. அந்தப் 'பல் மிஸ்ஸி' மடக்கு நாற்காலியோடு தமிழ்ப்பள்ளிக்கு வந்தால் கழிவறைக்குள் ஒளிந்துகொண்ட கதை நம் அம்மா அப்பாவிடம் நிச்சயம் இருக்கும். பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கப் பல் கிளினிக்கில் அடிப்படைச் சிகிச்சை இலவசம். தோழியின் உடைந்த முனையை இப்போது சரிசெய்த டாக்டர், பல்லை ஏறக்குறைய அரைக்காமலே கம்போசிட் வைத்து, ஒரே அமர்வில் முடித்துவிட்டார். இரண்டாம் படிவத்திலேயே போயிருந்தால் காசில்லாமல் நடந்திருக்கும். சொத்தை விழுந்த இரண்டு பற்களில் ஒன்றுக்கு வேர் சிகிச்சை இன்னும் முடியவில்லை.

வெனீர் போட நினைப்பவர்கள், மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என் பல்லில் எவ்வளவு அரைப்பீர்கள், அரைக்காமல் செய்ய வழியுண்டா, உறை உடைந்தால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். பல் மருத்துவப் புலம் உள்ள பல்கலைக்கழகங்களின் கிளினிக்குகளில், விரிவுரையாளர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தருகிறார்கள். பீடோங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவப் புலம் உண்டு. நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

இடைநிலைப்பள்ளியில் விளையாடும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பல் முனை உடைந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். பாலில் போட்டு, அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பல நேரங்களில் அதே துண்டைத் திரும்ப ஒட்டிவிட முடியும். பல் முழுதாகவே கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். தேய்த்துக் கழுவக் கூடாது. பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சேர்க்க வேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பால் பாக்கெட் எப்போதும் இருக்கும்.