வைரத்தில் எடை மட்டும் போதுமா?

மும்பை ஜவேரி பஜாரில் மகளுக்கு வைரத்தோடு வாங்கப் போகும் நம்மவர் முதலில் கேட்பது, “எத்தனை காரட்?” அடுத்து நீரோட்டம். பட்டையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கல் ஒளி விடுவதோ பட்டையால்தான்.

வட்டக் கல்லுக்கு 57 அல்லது 58 பட்டைகள். மேலே விழும் ஒளி அடிப்பாகத்தில் பட்டுத் திரும்பி மேல்வழியே வெளிவர வேண்டும். அதற்கு அடிச்சரிவு சுமார் 41 டிகிரி வேண்டும். 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டது 40.75. அடி ஆழமானால் நடுப்பகுதி ஆணித்தலை போல் கறுக்கும். தட்டையானால் மீன் கண் மாதிரி உள்ளே சாம்பல் வளையம் தெரியும்.

ஆழமாக விடுவது எடைக்காகத்தான். ஒழுங்காக வெட்டிய 1 காரட் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 6 மில்லிமீட்டர்தான் என்றால், மீதி எடை கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கிறது. அதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம்!

ஜி.ஐ.ஏ. சர்ட்டிபிகேட்டில் 2006 முதல் வட்டக் கல்லின் பட்டைக்கும் தரம் போடுகிறார்கள். சின்னத் தோட்டுக் கற்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சீட்டு வராது. கடை விளக்கில் எந்தக் கல்லும் மின்னும். வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மூடிய கட்டில் பதித்துவிட்டால் அடிப்பாகம் மறைந்துவிடும். ஆகவே பதிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வது உசிதம்.