வெண்பனிச் சரிவு

இராமேசுவரக் கரையினராகிய நாம் வெண்பனியை வேதப்புத்தகத்திற் படித்ததன்றிக் கண்டதில்லை, மணலை நன்கறிவோம். தனுஷ்கோடி மணல்மேட்டுச் சரிவில் கால் வைப்பின் மணல் சிறிது நழுவித் தானே நின்றுவிடும். பனியும் அத்தகையதே என்றெண்ணி மலையேறுவோர் உயிரிழப்பர்.

பனி அடுக்கடுக்காய்ப் படிவது. தெளிந்த குளிரிரவுகளில் அதன் மேற்பரப்பிலே இறகு போன்ற பளிங்குத் துகள்கள் வளரும். அடுத்த பொழிவில் அவை புதையுண்டு, பற்றுதலற்ற நொய்ந்த அடுக்காகும். அதன்மேற் காற்றுத் திரட்டிய பனி இறுகிப் பலகைபோற் கிடக்கும். வழிப்போக்கர் ஒருவரது பாரமே போதும்; பலகை முழுவதும் பிளந்து, அவரையும் வாரிக்கொண்டு விரையும். புதையுண்டவரோ அவர்தம் தோழரோதாம் பெரும்பாலும் அதனை அசைத்துவிட்டவர்! 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வே கொடியது. செங்குத்துப் பாறையிற் பனி தங்குவதில்லை. புதுப்பனி பொழிந்த மறுநாள் மிக அஞ்சத்தக்கது.

சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், 2016 பிப்ரவரி 3இல் பெரும்பனி இடிந்து வீழ, மதராஸ் ரெஜிமெண்டு வீரர் பதின்மர் புதையுண்டனர். அவருள் நம் தமிழரும் இருந்தனர். பல நாள் கழித்து உயிருடன் மீட்கப்பெற்ற ஹனுமந்தப்பாவும் 11ஆம் நாள் மாண்டார். அத்தனை நாள் அவர் உயிர்த்திருந்தது வியப்பே. கால்மணிக்குள் தோண்டி எடுக்கப்பெறுவோருட் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தாற் சிலரே. வெளியுதவி அதற்குள் வந்தெய்தாது. உடன்செல்வார் கையிலுள்ள மண்வாரியும் துழாவுகோலுமே துணை.